சென்னியப்பன் கோப்பு எத்தனை முழம்?

ஊமச்சிபாளையம் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மார்க் போடுகிற வேலை வசந்தாமணியுடையது. டாக்டர்கள் கோழி கிளறிய மாதிரி எழுதி வைத்திருப்பதை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்து, ஆள் எங்கே அடிபட்டான், எதில் அடிபட்டான், எவ்வளவு அடிபட்டான் என்று தெரிந்துகொண்டு, கோப்பின் வலது மூலையில் இருக்கும் சிவப்புக் கட்டத்துக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் ஓர் எண்ணைப் போட வேண்டும். ஒன்று என்றால் ஒரு பிளாஸ்திரியோடு முடிந்துபோகிற காயம், ஐந்து என்றால் ஆளே முடிந்துபோன காயம். மூன்றைத் தொட்டுவிட்டால் கோவையிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து, இது எப்படி நடந்தது என்று பட்டறை பட்டறையாகக் கேட்பார். ஆனால் அந்த ஜீப் ஊமச்சிபாளையத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட வசந்தாமணியின் அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி வடை வந்து சேர்ந்ததற்கும் அதற்கான சட்னி வந்து சேர்ந்ததற்கும் நடுவே, கோப்புகள் மேலே கிளம்பின. முதலில் இரண்டாவது அலமாரியிலிருந்து ஒன்று, அதன் பின்னால் நாலு, அதன் பின்னால் ஒரு கட்டு முழுக்க, சிவப்பு நாடாவை வால் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு எழும்பிப் போய் விட்டத்தில் ஒட்டிக்கொண்டன. வசந்தாமணி வடையைக் கீழே வைக்காமலே எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். இல்லாவிட்டால் நூற்றுப்பத்து பேருடைய காயமும் துண்டு துண்டாகப் போயிருக்கும்.

எல்லாக் கோப்புகளும் எழும்பவில்லை என்பதை அவள் உடனே கவனித்துவிட்டாள். பிரசவக் கோப்புகள் அசையவில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி எல்லாம் தேமே என்று கிடந்தன. எழும்பியவை அத்தனையும் தேங்காய்க் கோப்புகள்.

தேங்காய்க் கோப்பு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஊமச்சிபாளையத்துப் பட்டறைகளில் வாசலுக்கு நேராக ஒரு போர்டு தொங்கும்: விபத்தில்லாத நாட்கள் இத்தனை. தினமும் காலையில் வாட்ச்மேன் எண்ணை மாற்றுவார். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாமல் முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஓடிவிட்டால் பட்டறையில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஆளுக்கொரு மாவரைக்கும் கிரைண்டர் கொடுப்பார்கள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் போர்டு பூஜ்யத்துக்குப் போய்விடும். நல்ல எண்ணத்தில்தான் யாரோ இதை ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் இருநூறாவது நாளில் ஒருவனுடைய விரல் போனால், போன விரலைவிட வரப்போகிற கிரைண்டர்தான் அறுபது குடும்பத்துக்குப் பெரிதாகத் தெரியும். அதனால் ஊரில் ஒரு பழக்கம் உண்டானது. அடிபட்டவனை ஆட்டோவில் ஏற்றும்போதே கூடப் போகிறவர்கள் சொல்லிக்கொடுத்து விடுவார்கள், வீட்டில் தேங்காய் துருவும்போது பட்டுவிட்டது என்று. ஆஸ்பத்திரிப் பதிவுகளை மட்டும் நம்பினால், ஊமச்சிபாளையத்து ஆண்களைப் போல வீட்டு வேலையில் உயிரைக் கொடுக்கிறவர்கள் பூமியிலேயே கிடையாது.

வசந்தாமணியின் தம்பி சென்னியப்பனும் தேங்காய்தான். ஆறு மாதத்துக்கு முன்னால், போர்டில் முந்நூற்று அறுபத்தோராவது நாள், தகடு வெட்டுகிற நாலாம் நம்பர் பிரஸ் அவனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மோதிர விரலையும் ஸ்கேல் வைத்து நறுக்கிய மாதிரி ஒரே நேராக எடுத்துக்கொண்டது. கூட வந்தவர்கள் விவரமானவர்கள், வழியில் ஒரு தேங்காய் மூடியே வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள், சாட்சிக்கு. ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் நளாயினி அந்தக் கையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார்.

"துருவிதானா?"

"ஆமாங்க டாக்டரம்மா. கொஞ்சம் பெரிய துருவிங்க."

டாக்டரம்மாவுக்கு வெளியே தொண்ணூறு டோக்கன் காத்துக்கொண்டிருந்தது. வீட்டில், தேங்காய் துருவும்போது, லேசானது என்று எழுதி, தையல் போட்டு அனுப்பினார். கோப்பு வசந்தாமணியின் மேஜைக்கு வந்தது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே சென்னியப்பனும் வந்தான்.

"அக்கா, ஒண்ணுன்னே போட்ருக்கா. இன்னும் நாலு நாள்தான். என்னால அறுவத்திரண்டு வூட்டுக்குக் கிரைண்டர் போச்சுன்னா நான் எப்படிக்கா அந்த வாசப்படிய மிதிப்பேன்?"

வசந்தாமணி பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அப்புறம் ஒன்று என்று போட்டாள். அடுத்த வாரம் கிரைண்டர் வந்தது. கல்யாணமாகாத தம்பி அதை அக்கா வீட்டிலேயே இறக்கி வைத்தான். தினமும் காலையில் அது கடகடவென்று சுற்றும்போதெல்லாம் அவள் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோசை மட்டும் நன்றாகத்தான் வந்தது.

இப்போது நடந்ததற்கு வருவோம். புதன்கிழமை டாக்டரம்மா கோப்புகள் மேல் செங்கல் வைக்கச் சொன்னார். செங்கல்லோடு எழும்பின. வியாழக்கிழமை சணல் கயிற்றால் அலமாரியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அலமாரி ஆடியது. எதற்கு வம்பு என்று அவிழ்த்துவிட்டார்கள். அவை வென்டிலேட்டர் வழியாக வரிசையாக வெளியே போய், ஊருக்கு மேலே கொஞ்ச நேரம் நின்று விலாசம் யோசித்துவிட்டு, ஒவ்வொன்றும் தன் சொந்தக்காரனைத் தேடிப் போய் அவன் தலைக்கு நேர் மேலே நின்றுகொண்டது. அவன் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது, பஸ்ஸில் ஏறினால் பஸ் கூரைக்கு மேலே கூடவே வந்தது, குளியலறைக்குப் போனால் மட்டும் மரியாதையாக ஓட்டுக்கு மேலேயே காத்திருந்தது.

சிலருக்குத் தலைக்கு மேல் எட்டிப் பிடிக்கிற உயரம், சிலருக்கு வேப்பமர உயரம், பஞ்சு மில்லில் கை தோள்பட்டையோடு போன கந்தப்பனுக்குத் தண்ணீர்த் தொட்டி உயரம். என்ன கணக்கு இது என்று ஊர் ஒரு நாள்தான் குழம்பியது. ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்கிற ஆராயி ஒரு கோப்பின் நாடாவில் நூலைக் கட்டி, நூலைத் தன் கையால் முழம் போட்டு, நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள்.

"பட்டது எவ்வளவு, எழுதுனது எவ்வளவு, ரண்டுக்கும் நடுவால இருக்கறதுதானுங்க இந்த ஒசரம். இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கிறீங்களே!"

அன்றிலிருந்து ஆராயியின் முழம்தான் ஊருக்கு அளவு. வேறு பூக்காரிகள் ஆளுக்கு ஒரு நீளமாகச் சொன்னதால் சண்டை வந்து, கடைசியில் டாக்டரம்மாவே ஆராயியின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் அளந்து முத்திரை போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஊருக்கே பைத்தியம் பிடித்தது போலத்தான். டீக்கடையில் உயரமான கோப்புக்காரனுக்கு முதல் டம்ளர். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன்பே எத்தனை முழம் என்று கேட்டார்கள். சலூனில் ஆறு முழக்காரனும் ஏழு முழக்காரனும் முறைத்துக்கொண்டார்கள். மூன்று தடவை அடிபட்டவனுக்கு மூன்று கோப்பும் சேர்ந்து நிழல் கொடுத்ததால் மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள் அவனோடு ஒட்டி நடந்தார்கள். தன் வீட்டுக்காரன் இத்தனை நாள் முதுகு வலிக்கிறது என்று சொன்னதை நடிப்பு என்று நினைத்திருந்த தைலம்மை, பதினெட்டு முழ உயரத்தில் அவன் கோப்பைப் பார்த்ததும் வீதியிலேயே அழுதுவிட்டு, அன்றைக்குக் கோழி அடித்தாள். மறைத்து வைத்த வலியெல்லாம் பட்டப்பகலில் பறந்ததில் ஊருக்கு ஒரு சந்தோஷம், திருவிழாவுக்குக் கொடி ஏறிய மாதிரி.

சென்னியப்பன் வேலை பார்த்த பட்டறையின் மேனேஜர் பொன்னுரங்கத்தின் தலைக்கு மேலேயும் ஒன்று நின்றது. அவரும் ஒரு காலத்தில் பிரஸ் ஓட்டி, கட்டைவிரலைத் தேங்காயில் விட்டவர்தான். ஒன்பது முழம். குடை பிடித்து மறைத்துப் பார்த்தார். கோப்பு குடைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

மில்காரன் ஒருவன் டாக்டரம்மாவிடம் வந்து நடந்ததை நடந்தபடி சொல்ல, வசந்தாமணியின் அறையில், ஒவ்வொரு கோப்பின் விவரமும் சிவப்புக் கட்டமும் நகலாக இருக்கும் பெரிய பதிவுப் புத்தகத்தில் அதை அப்படியே திருத்தி எழுதியதும் அவன் கோப்பு சமர்த்தாக இறங்கி வந்துவிட்டது. ஆக, இறக்குவதற்கும் வழி தெரிந்துவிட்டது. ஆனால் பொன்னுரங்கம் பட்டறை வாசலில் ஒரு காகிதம் ஒட்டினார். எவனுடைய கோப்பாவது கீழே இறங்கினால் போர்டு பூஜ்யம், அறுபத்திரண்டு கிரைண்டரும் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான், அந்தப் பட்டறைக்காரர்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இத்தனை கூத்திலும் ஒருத்தன் தலைக்கு மேல் மட்டும் ஒன்றுமே இல்லை. சென்னியப்பன் தலைக்கு மேல் வெறும் வெயில்.

ஊர் பார்த்தது. பார்த்ததும் முடிவு கட்டிவிட்டது. "பாரேன், சென்னிக்கு ஒண்ணுமே இல்ல. நெசமாவே தேங்காதான் போல." பொன்னுரங்கம் அவனைக் கூப்பிட்டு, ஆறு மாதம் ஓய்வெல்லாம் போதும், கோப்பே இல்லாத அளவுக்குக் குணமாகிவிட்டது, திங்கட்கிழமை எட்டரைக்கு வந்து நில் என்றார். எந்த மெஷினில் என்று கேட்டான். நாலாம் நம்பரில்தான் ஆள் குறைகிறது என்றார்.

சென்னியப்பன் அக்காவிடம் வந்து இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் மிச்சமிருந்த கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வேட்டி மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்ததை வசந்தாமணி பார்த்தாள். அந்த மெஷினுடைய சத்தம் எங்கேயாவது கேட்டால் அவன் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு நடப்பதும் அவளுக்குத் தெரியும்.

அவனுடைய கோப்பு அலமாரியிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டவள் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். நீலத்துக்கு நடுவில் ஒரு கடுகு. அந்தக் கடுகைச் சுற்றிப் பருந்து ஒன்று, பக்கத்தில் போகவே பயந்த மாதிரி, அதற்கும் எவ்வளவோ கீழே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று விரலுக்கு இவ்வளவு உயரமா? கண்ணில் தண்ணீர் கட்டும் வரைக்கும் பார்த்தாள். கீழே, தம்பி திண்பண்டம் வாங்கக் கடைக்கு நடந்துபோனான். கடுகும் நகர்ந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வசந்தாமணி ஆட்டோ பிடித்து, கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பட்டறைக்குப் போய் வாட்ச்மேன் முன்னால் தொப்பென்று இறக்கினாள். "குழவிக் கல்லு உள்ளயே இருக்குது. கழுவித்தான் கொண்டாந்தேன்" என்றாள். அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, ஜன்னலைத் திறந்து, பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்தாள்.

அந்த ஜன்னலுக்கு எதிரேதான் ஆஸ்பத்திரி ஸ்டாப். பதினாலாம் நம்பர் டவுன் பஸ் அங்கே சட்டப்படி நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தது, காரணம் சென்னியப்பனுடைய விசில். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி வாய்க்குள் வைத்து அவன் ஒன்று விட்டால் டிரைவர் மயில்சாமியின் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கில் போய் விழும். கிழங்கள், கர்ப்பிணிகள், கட்டுப் போட்டவர்கள் எல்லோரும் அந்த ஒரு விசிலில் ஏறிப் போவார்கள். ஆறு மாதமாக பஸ் நிற்காமல் போகிறது, எல்லோரும் அரை மைல் நடக்கிறார்கள்.

எட்டு மணிக்கு சென்னியப்பன் டிபன் பாக்ஸோடு ஸ்டாப்பில் வந்து நின்றான். வசந்தாமணி எழுத ஆரம்பித்தாள். இடம்: வீடு அல்ல, பட்டறை. தேங்காய்த் துருவி அல்ல, நாலாம் நம்பர் பிரஸ்.

"ஐயோ, அங்க பாருங்க!" என்று ஆராயி கத்தினாள். கடுகு இறங்கி மிளகானது, மிளகு இறங்கிக் காக்காய் அளவானது. டோக்கனுக்கு நின்ற கூட்டம் முழுவதும் டோக்கனை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தது. சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வலது கை, மூன்று விரல்கள், அடியோடு என்று எழுதினாள். புத்தகத்துச் சிவப்புக் கட்டத்தில் இருந்த ஒன்றை அடித்துவிட்டு நாலு என்று போட்டாள். கோப்பு தலையணை அளவுக்குத் தெரிந்தது, வால் நாடா தெரிந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆராயி ஒரு பையனைப் புங்கமரத்தில் ஏற்றி நூலை வீசிக் கட்டி, முழம் போட்டாள்.

"இன்னும் முப்பது முழமுங்கோவ்!"

டாக்டரம்மா வந்து எட்டிப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், காயங்களுக்கான மார்க் அட்டவணையைப் புரட்டினார். "மூணு விரலுக்கு இதுக்கு மேல எழுத இடமில்லையே வசந்தாமணி. அட்டவணை இதோட முடிஞ்சுபோச்சு."

"அட்டவணைதானுங்க முடிஞ்சுது" என்ற வசந்தாமணி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கத்தினாள். "டேய் சென்னீ! இன்னும் என்னடா இருக்குது? சொல்றா!"

"ஒண்ணுமில்லக்கா."

கோப்பு ஒரு முழம் மேலே போனது. கூட்டம் ஓவென்று கத்தியது. சென்னியப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"செரி, சட்டப் பட்டன் போட முடியறதில்ல" என்றான். எழுதினாள், ஒரு முழம் இறங்கியது. "சோத்தப் பெசஞ்சா பாதி தட்டுக்கு வெளிய போயிருது." ஒரு முழம். "பந்தியில பக்கத்துல உக்காந்தவன் இலையில போயிருதுக்கா, அதனால விசேஷத்துக்கே போறதில்ல." இரண்டு முழம். "கையெழுத்து எனக்கே படிக்க முடியல." ஒரு முழம். "ஒண்ணுக்குப் போனா ஜிப்புப் போட மறந்த மாதிரியே நடிச்சிக்கிட்டு வாரேன்." கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, கோப்பு மூன்று முழம் ஒரே குதியாகக் குதித்து இறங்கியது. இல்லாத விரல் அரிப்பதை, அரித்தால் எங்கே சொறிவது என்று தெரியாமல் முழிப்பதை, தூக்கத்தில் நாலாம் நம்பர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அவன் சொல்லச் சொல்ல, அட்டவணையில் எங்கேயும் இல்லாத அந்தக் காயங்களை வசந்தாமணி வேகவேகமாக எழுத எழுத, ஆராயி முழம் போட்டுக் கத்தக் கத்த, கோப்பு மரக்கிளையைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, கீழே கீழே வந்தது.

பதினொன்றாம் முழத்தில் மறுபடியும் நின்றது. சென்னியப்பன் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தான். "விசிலுக்கா" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. வசந்தாமணி "விசில்" என்று எழுதினாள். கோப்பு பத்து முழம் இறங்கியது.

ஒரு முழம் மிச்சம். கை நீட்டினால் பிடித்துவிடலாம் போல அவன் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது, அவன் நீட்டவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தாமணிக்கு அந்த ஒரு முழம் யாருடையது என்று தெரிந்தது. பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

இந்தச் சிவப்புக் கட்டத்தில் ஒன்று என்று போட்டது நான், வசந்தாமணி, இவனுடைய அக்கா. தெரிந்தேதான் போட்டேன். அந்தக் கிரைண்டரில் ஆறு மாதம் மாவரைத்துச் சாப்பிட்டேன்.

எழுதி முடித்தபோது கண்ணாடி நனைந்திருந்தது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, கோப்பு தம்பியின் இரண்டு விரல் கைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்கு மெமோ கொடுக்கணும்" என்றார் டாக்டரம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"குடுங்க."

"என் பேருக்கும் ஒண்ணு தட்டச்சு பண்ணிக் கொண்டாங்க. தேங்கா மூடியப் பாத்துட்டு அப்படி எழுதுனதே நான்தான்."

அந்த நேரத்தில்தான் பதினாலாம் நம்பர் வளைவில் திரும்பியது. கூட்டம் ஒதுங்கியது. நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய பஸ் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னியப்பன் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கை விரல் இரண்டை மடக்கி வாய்க்குள் வைத்து, கன்னம் உப்ப ஊதினான். காற்று வந்தது, எச்சில் வந்தது, முன்னால் நின்ற ஆராயியின் பூக்கூடையிலெல்லாம் தெறித்தது. விசில் மட்டும் வரவில்லை.

பஸ் கிரீச்சென்று நின்றது. மயில்சாமி தன் காலையே ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்றா சென்னி, பட்டறைக்கா? ஏறு, ஏறு!"

"இல்லீங்ணா" என்றான் சென்னியப்பன், வாயைத் துடைத்துக்கொண்டு. "நான் வர்ல. சும்மா கூப்புட்டுப் பாத்தேன். இவீகள ஏத்திட்டுப் போங்க."